ஆப்பிளுக்குப் பாகுச் சட்டை

குழந்தைகள் எதையாவது கேட்டால் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு மறந்துபோவது தகப்பன்மார்களின் பிறப்புரிமை. அந்த உரிமையை நான் பல வருஷங்களாகத் தங்குதடையில்லாமல் அநுபவித்து வந்தேன். சென்ற ஐப்பசி மாதத்தில் அது பறிபோயிற்று.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் பெண் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு குச்சியின் நுனியில் முழு ஆப்பிள் ஒன்று நின்றது. மேலே ரத்தச் சிவப்பாகப் பாகு, கண்ணாடிபோலப் பளபளப்பு. ஜன்னல் வெளிச்சம்கூட அதில் சிறிய சதுரமாகத் தெரிந்தது.

"அப்பா, இதை நம் வீட்டில் பண்ணலாமா?"

"ஆகட்டும், அம்மா."

"ஆகட்டும் என்றால் எப்போது? நீங்கள்தானே பள்ளிக்கூடத்தில் ரஸாயனம் சொல்லிக் கொடுக்கிறீர்கள்? சர்க்கரையைக் காய்ச்சத் தெரியாதா?"

இருபது வருஷமாக ரஸாயன பாடம் நடத்துகிற ஒருவனைப் பார்த்து இப்படிக் கேட்டால் அவன் என்ன செய்வான்? "இன்றைக்கே!" என்றேன். சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் மட்டும் வந்தது: "எதை வேண்டுமானாலும் காய்ச்சுங்கள். என் அடி கனத்த பாத்திரத்தை மாத்திரம் தொடாதீர்கள்." அடி கனமில்லாத பாத்திரத்தில் பாகு தீய்ந்துபோகும் என்ற சிறிய விஷயம் எனக்குத் தெரிந்திருந்தபடியால், நான் தொட்டது அந்தப் பாத்திரத்தைத்தான்.

முதல் நாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரிதாகவும் சிவப்பாகவும் பார்த்து ஆறு ஆப்பிள் வாங்கினேன். சர்க்கரையையும் தண்ணீரையும் கலந்து கொதிக்கவைத்தேன். கம்பிப் பதம் வந்தது. "ஆயிற்று!" என்று இறக்கிப் பழத்தைத் தோய்த்தேன். பாகு பழத்தின்மேல் நிற்கவில்லை. குளத்தில் முங்கி எழுந்த எருமையின் முதுகிலிருந்து நீர் வழிவதுபோல் வழிந்து தட்டிலே தேங்கிற்று. இன்னும் சற்றுக் காய்ச்சிப் பார்த்தேன். இந்தத் தடவை ஒட்டியது; ஆனால் பழத்தில் ஒட்டியதைக் காட்டிலும் பல்லில் அதிகமாக ஒட்டியது. மூன்றாம் தடவை கரண்டியைப் போட்டுப் பலமாகக் கிளறினேன். பாத்திரத்தில் இருந்ததெல்லாம் திடீரென்று வெளுத்து, மணல்மணலாகப் பழைய சர்க்கரையாகவே திரும்பிவிட்டது. என் மனைவி பாத்திரத்தைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் கூடத்தில் உட்கார்ந்திருந்த என் தாயார் வாயைத் திறந்தார். "ஏண்டா, மனோகரத்துக்கு யாராவது கம்பிப் பாகு வைப்பார்களா?"

அந்த ஒரு கேள்வியில் விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது. நான் பழத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க வேண்டியது பாகைப் பற்றி. மேல்நாட்டுப் பண்டம் என்ற மயக்கத்தில், நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காரியத்தை நான் தெரியாததாக எண்ணிவிட்டேன். நம் சமையலறையில் பாகுக்கு எத்தனை பதம் என்று எண்ணிப் பாருங்கள். விரலில் தொட்டால் பிசுபிசுப்பது ஒன்று. ஜீராவுக்கு அது போதும். ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி என்று அடுத்தவை. தண்ணீரில் விட்டால் கரையாமல் மெத்தென்று உருட்ட வருவது அதிரசத்துக்கு. கார்த்திகைப் பொரி உருண்டைக்கு அதைவிடக் கெட்டி. மனோகரத்துக்கோ, தண்ணீரில் விட்டு எடுத்த உருண்டையைத் தட்டிலே போட்டால் 'டங்' என்று ஒலிக்க வேண்டும். ஆப்பிளுக்கு வேண்டியது அந்த 'டங்'கையும் தாண்டி ஒரு படி. தண்ணீரில் விட்ட பாகை எடுத்து வளைத்தால் வளையக்கூடாது. 'படக்' என்று முறிய வேண்டும். கடித்தால் பல்லில் ஒட்டாமல் நொறுங்க வேண்டும்.

மேல்நாட்டுச் சமையல்காரர்களும் இதே பரீட்சையைத்தான் செய்கிறார்கள். அவர்களும் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரை வைத்துக்கொண்டு, பாகில் ஒரு சொட்டு விட்டு, மெத்தென்ற உருண்டை, கெட்டி உருண்டை, மெல்ல முறிவது, நன்றாக முறிவது என்று பெயரிட்டிருக்கிறார்கள். சூடான பாகைப் பார்த்து, அது ஆறினபின் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் அதை ஒரு கணத்தில் ஆறவைத்து, நாளைய நிலைமையை இன்றே காட்டிவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இனி என் சொந்த சாஸ்திரத்துக்கு வருகிறேன். தனித் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. சர்க்கரை சேர்ந்தால் அதைவிட அதிகச் சூட்டில்தான் கொதிக்கும். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிப் போகிறது. மிஞ்சிய பாகில் சர்க்கரையின் பங்கு ஏறுகிறது. அதனால் கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே பாகில் வைத்த உஷ்ணமானி சூட்டை மட்டும் சொல்லவில்லை. இன்னும் எவ்வளவு தண்ணீர் பாக்கியிருக்கிறது என்பதையும் சொல்கிறது. 112 முதல் 116 டிகிரிக்குள் மெத்தென்ற உருண்டை. அதில் நூற்றுக்கு 85 பங்கு சர்க்கரை. 121 முதல் 130 வரை கெட்டி உருண்டை. 132-க்கு மேல் முறியத் தொடங்கும்; ஆனால் பல்லில் ஒட்டும். 149 முதல் 154 டிகிரிக்குள்தான் நன்றாக முறிகிற பதம். அப்போது பாகில் நூற்றுக்கு ஒரு பங்குதான் தண்ணீர். அதற்கும் மேலே, 160-ஐத் தாண்டினால், சர்க்கரை சிவந்து கருகத் தொடங்கிவிடும். நான் முதலில் இறக்கியது 110 டிகிரிக்குக் கீழே என்று இப்போது ஊகிக்கிறேன். குறைந்தது நாற்பது டிகிரி போல முன்னதாக இறங்கிவிட்டு, பழத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

ஆனால் பாகு மணலாய்ப் பூத்துப் போனதற்குக் காரணம் வேறு. சர்க்கரைக்கு ஒழுங்காக அணிவகுத்து நிற்பதில் அபார ஆசை. பாகு கெட்டியாகும்போது ஒரு சிறு துணுக்குச் சர்க்கரை எங்கேயாவது கரையாமல் இருந்தாலும், கரண்டியால் கலக்கினாலும், பக்கத்திலிருக்கிற அணுக்கூட்டங்களெல்லாம் அதன்மேல் வரிசையாக வந்து அடுக்கிக்கொண்டு படிகமாகிவிடும். கற்கண்டு செய்கிறவனுக்கு அது வரம், நமக்குச் சாபம். ஆப்பிளின்மேல் நிற்கவேண்டியது படிகமல்ல, கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியைப் போலவே இதிலும் உள்ளே வரிசை கிடையாது. அடுக்கிக்கொள்ள அவகாசம் கொடுக்காமல் குளிரவைத்த, தின்னக்கூடிய கண்ணாடி இது.

இந்த வரிசையைக் குலைப்பதற்குத்தான் எலுமிச்சம்பழம். நம் வீடுகளில் ஜீராவில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவதை ருசிக்கென்று எண்ணியிருப்பவர்கள் உண்டு. புளிப்பும் சூடும் சேர்ந்தால் சர்க்கரையின் ஒரு பகுதி குளுகோஸ், பிரக்டோஸ் என்ற இரண்டு வேறு சர்க்கரைகளாகப் பிரிகிறது. ஒரே மாதிரி செங்கற்களுக்கு நடுவே வேறு அளவுக் கற்கள் கலந்துவிட்டால் சுவர் எப்படி எழும்பும்? படிகம் உண்டாவது தடைப்பட்டுவிடுகிறது. இங்கிலாந்தில் எலுமிச்சைக்குப் பதிலாகக் காடி விடுகிறார்கள். கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் குளுகோஸ் பாகும் அதே காரியத்தைச் செய்யும். ஆனால் புளிப்பு அளவுக்கு மிஞ்சக்கூடாது. பிரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை வெகு ஆசையோடு இழுத்துக்கொள்ளும். கண்ணாடி கொஞ்ச நேரத்தில் கோந்தாகிவிடும்.

சந்தர்ப்பம் வந்துவிட்டபடியால் ஒரு வார்த்தை. இங்கிலீஷ்காரர்கள் மிட்டாய்க்குச் சொல்லும் 'காண்டி' என்ற சொல்லும் நம் கற்கண்டிலுள்ள 'கண்டு'ம் ஒரே குடும்பம். ஸம்ஸ்கிருத 'கண்டம்' பாரசீகத்துக்கும் அரபு நாட்டுக்கும் போய், பிரான்ஸ் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. மூலம் வடமொழியா, தென்மொழியா என்று பண்டிதர்கள் சாவகாசமாக வாதாடட்டும். கரும்புச் சாற்றைப் படிகமாக்கும் வித்தை இந்த நாட்டில் பிறந்தது என்பதில் தகராறு இல்லை. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம் வெல்லத்தையும் கண்டத்தையும் சர்க்கரையையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கணக்கெழுதியிருக்கிறது. ஆகையால் 'காண்டி ஆப்பிள்' என்று கேட்டவுடன் என்னைப்போல் யாரும் மிரள வேண்டியதில்லை.

இரண்டாம் முயற்சிக்கு முன், பழத்தைப் பற்றியும் புத்தி வந்தது. மேலே ஏறுவது முழுச் சர்க்கரை. உள்ளே இருப்பதும் சர்க்கரையாகவே இருந்தால் இரண்டு கடிக்குமேல் தின்ன முடியாது. ஆகவே புளிப்புப் பழம் வேண்டும், கடித்தால் மொறுமொறுவென்று இருக்க வேண்டும், சிறியதாயிருக்க வேண்டும். இதற்கென்றே பிறந்ததுபோல் இருப்பது பச்சை ஆப்பிள். 1868-ல் ஆஸ்திரேலியாவில், ஸிட்னி நகரத்துக்கு அருகே, மரியா ஆன் ஸ்மித் என்ற கிழவியின் தோட்டத்தில் தானாக முளைத்த கன்று அது. 'பாட்டி ஸ்மித்' என்ற பொருளில் 'கிரானி ஸ்மித்' என்றே உலகமெங்கும் பெயர் பெற்றுவிட்டது. நம் பெரிய பழக்கடைகளிலும் கிடைக்கிறது.

நான் முதலில் வாங்கியது இமாசலப் பிரதேசத்துச் சிவப்பு ஆப்பிள். அதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது. அதன் கதை அப்படி. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பணக்காரக் குடும்பத்தில் பிறந்த ஸாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் 1904-ல் குஷ்டரோகிகளுக்குப் பணிவிடை செய்ய இந்தியாவுக்கு வந்தார். சிம்லாவுக்கு அப்பால் கோட்கட் பிரதேசத்தில் குடியேறி, அந்த மலைநாட்டுப் பெண்ணையே மணந்துகொண்டார். குடியானவர்களைக் கூலியில்லாமல் சுமை தூக்கவைத்த வெட்டி வேலையை எதிர்த்துப் போராடினார். கதர் உடுத்தினார். ஒத்துழையாமை நாட்களில், 1921-ல், சிறைக்கும் போனார். 1932-ல் ஹிந்து மதத்தில் சேர்ந்து சத்யானந்தர் ஆனார். அவர் 1916-ல் அமெரிக்காவிலிருந்து தருவித்து நட்ட 'ரெட் டெலிஷஸ்' கன்றுகளிலிருந்துதான் அந்த மலைகளின் பெரிய ஆப்பிள் விவசாயம் கிளைத்தது. நாடு சுதந்திரம் அடைவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1946-ல், அவர் காலமானார். இவ்வளவு பெருமையும் அந்தப் பழத்துக்கு உண்டு. ஆனால் தித்திப்பு அதிகம்; சில நாள் வைத்தால் உள்ளே மாவாகிவிடும். அதைத் தோலோடு கடித்துச் சாப்பிடுங்கள். பாகில் தோய்க்க வேண்டாம். பச்சை ஆப்பிள் கிடைக்காத ஊரில், கடைக்காரர் "இது கொஞ்சம் புளிக்கும், ஸார்" என்று ஒதுக்கி வைத்திருக்கும் சின்னப் பழங்களை வாங்கிக்கொள்ளலாம்.

எந்தப் பழமாயிருந்தாலும் மெழுகை எடுக்க வேண்டும். மரத்திலிருந்து பறித்த ஆப்பிளுக்கே இயற்கையாக மெல்லிய மெழுகு உண்டு. கழுவும்போது அது போய்விடுவதால், வாடாமலிருக்க வியாபாரிகள் வேறு மெழுகு பூசுகிறார்கள். அதன்மேல் பாகு நிற்காது. என் எருமை முதுகு உபமானத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். கொதிக்கிற தண்ணீரில் ஒரு கரண்டிக் காடி விட்டு, பழத்தை நாலைந்து விநாடி மட்டும் அமிழ்த்தி எடுத்து, முரட்டுத் துணியால் அழுத்தித் துடைத்தால் பளபளப்புப் போய்த் தோல் மங்கலாகத் தெரியும். பிறகு நன்றாக உலரவேண்டும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தோய்க்கலாகாது. குளிர்ந்த பழத்தின்மேல் நம் ஊர்க் காற்று உடனே வியர்த்துவிடும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் பாகில் கொப்புளம் கிளம்பும்.

ஆறு சிறிய பழங்களுக்கு 400 கிராம் சர்க்கரை, 120 மில்லி தண்ணீர், குளுகோஸ் பாகு 75 கிராம். குளுகோஸ் பாகு இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. காம்பைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஐஸ் குச்சியையோ பருத்த மூங்கில் குச்சியையோ பாதிப் பழம் வரைக்கும் இறக்குங்கள். ஒரு தட்டில் நெய் தடவித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பாகு பதத்துக்கு வந்தபின் குச்சியைத் தேடப் போகிறவன் திரும்பி வருவதற்குள் எல்லாம் கருகிப்போயிருக்கும்.

சர்க்கரை முழுதும் கரையும்வரை மெதுவாகக் கிளறலாம். கரைந்து கொதி வந்தபின் கரண்டியை அந்தப் பக்கமே கொண்டுபோகக்கூடாது. பாத்திரத்தின் உட்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை நனைத்த தூரிகையால் வழித்துவிடுங்கள். ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் முழுப் பாகும் பூத்துவிடும். உஷ்ணம் முதலில் மாட்டு வண்டியைப்போல் ஏறும். தண்ணீர் நிறைய இருக்கிறவரையில் 105-க்கும் 115-க்கும் இடையே அது ஊர்ந்துகொண்டிருக்கும். நமக்குப் பொறுமை போய்விடும். 130-ஐத் தாண்டினபின்பு ரெயில் வேகந்தான். அப்போது வாசலில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 150-ல் அடுப்பை அணைத்துவிட வேண்டும். உஷ்ணமானியை நம்புவதற்கு முன் கொதிக்கும் தண்ணீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. என்னுடையது 97 காட்டியது. அதன் கையில் தண்ணீர்க் கிண்ணத்தையும் கொடுத்து, சாட்சிக்கு என் தாயாரையும் உட்காரவைத்தேன். அவர் காது கேட்ட 'படக்'கும் உஷ்ணமானியின் கணக்கும் இரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போயின.

நுரை அடங்கியவுடன் பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்து, பழத்தைக் குச்சியோடு உருட்டி, ஒரே சுற்றில் மூடி எடுங்கள். மிச்சம் வடிய ஒரு விநாடி பொறுத்து, நெய்த் தட்டில் குச்சி மேலே நிற்கும்படி வைத்துவிடுங்கள். பாதிப் பழங்களுக்குள் பாகு தடித்துவிட்டால் சிறு தணலில் ஒரு நிமிஷம் காட்டலாம். சிவப்பு வர்ணம் வெறும் அலங்காரந்தான். நான் சாயம் வேண்டாமென்று பீட்ரூட் சாறு விட்டுப் பார்த்தேன். அந்தச் சூட்டை அது தாங்கவில்லை. செம்மண் தண்ணீர் நிறமாயிற்று. வர்ணமே இல்லாமல் பொன்னிறமாக, ஏலக்காய் வாசனையோடு இருப்பதே எனக்குப் பிடித்தது. என் பெண் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த வேலையில் அவளுக்குக் கொடுத்தது மெழுகு துடைப்பதும் குச்சி குத்துவதும்தான். அடுப்புக்கு இரண்டு முழம் தூரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். தோய்க்கும்போது ஒரு சொட்டுப் பாகு என் கட்டைவிரலில் விழுந்தது. வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு ஓடாது. வெந்நீரைவிட 50 டிகிரி அதிகச் சூட்டோடு அங்கேயே ஒட்டிக்கொண்டு உள்ளே சுடும். அந்தச் சொட்டு ஒரு துவரம்பருப்பு அளவுதான். அதன் தழும்பு இதை எழுதும் விரலில் இன்னும் இருக்கிறது. கோட்டைத் தாண்டி ஒரு சின்னக் கை வந்திருந்தால் என்னவாகும் என்று அன்றிரவு வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பாகு பட்டால் உடனே குழாயைத் திறந்து, 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். ஒட்டியதைப் பிய்க்கக்கூடாது, பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். பனிக்கட்டி, பற்பசை, மாவு, இங்கி ஒன்றும் வேண்டாம். கொப்புளம் பெரிதாயிருந்தாலும், முகத்தில் பட்டாலும், பட்டது குழந்தையானாலும் வைத்தியரிடம் போய்விடுங்கள்.

ஆறு பழமும் தட்டில் நின்றபின், "இதை முதலில் பண்ணினது யார், அப்பா?" என்று பெண் கேட்டாள். அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாகாணத்து நூவார்க் நகரத்தில் வில்லியம் கோல்ப் என்ற மிட்டாய் வியாபாரி இருந்தார். 1908-ல் கிறிஸ்துமஸுக்காக இலவங்கப்பட்டை வாசனையுள்ள சிவப்பு மிட்டாய் காய்ச்சிக்கொண்டிருந்தவர், கடை ஜன்னலில் அழகுக்கு வைக்கலாமென்று சில ஆப்பிள்களை அதில் தோய்த்து வைத்தாராம். வந்தவர்களெல்லாம் மிட்டாயை விட்டுவிட்டு ஆப்பிளையே கேட்டார்கள். ஒன்று ஐந்து காசுக்கு விற்றார் என்பது அங்கே சொல்லும் கதை. இங்கிலாந்தில் இதற்கு டாபி ஆப்பிள் என்று பெயர். நவம்பர் 5-ந் தேதி சொக்கப்பானை கொளுத்தும் இரவில் குழந்தைகள் கையில் இருக்கும். 1914-ல் தொடங்கிய மகா யுத்தத்தில், குச்சியில் பந்து வைத்தாற்போலிருந்த ஒரு பீரங்கிக் குண்டுக்கு ஆங்கிலச் சிப்பாய்கள் இந்தப் பெயரையே வைத்தார்கள். பிரேஸிலில் இது 'காதல் ஆப்பிள்.' ஜப்பானில் கோயில் திருவிழாக் கடைகளில் விற்கிறது. சீனாவில் ஆப்பிளுக்குப் பதில் சிவந்த புளிப்புக் காய்களைக் குச்சியில் கோத்து, பனிக்காலத்தில் தெருவில் விற்கிறார்கள். அந்தக் குளிரும் வறண்ட காற்றும் பாகுக்கு எவ்வளவு உகந்தவை என்பதை நினைத்தால் பொறாமையாயிருக்கிறது.

நம் ஊரில் கதையே வேறு. எங்கள் ஊர் கடற்கரை ஓரம், மாதமோ ஐப்பசி. செய்த ஒரு மணி நேரத்தில் பாகுச் சட்டை வியர்க்க ஆரம்பித்தது. மறுநாள் காலையில் ஒட்டி இழுக்கும். ஆகையால் மழை நாளில் இதைச் செய்யாதீர்கள். தை, மாசி பரவாயில்லை. எந்த மாதமானாலும் செய்த அன்றே தின்றுவிட வேண்டும். பிசுபிசுப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2014-ம் வருஷக் கடைசியில் அமெரிக்காவில், கடையில் விற்ற காரமெல் ஆப்பிள்களைத் தின்று 12 மாகாணங்களில் 35 பேர் 'லிஸ்டீரியா' என்ற கிருமியால் நோயுற்றார்கள். அவர்களில் 7 பேர் இறந்தார்கள். குறைந்தது மூன்று சாவுகளுக்கு அந்த நோய் காரணமாயிருந்தது. இவை கெட்டிப் பாகு அல்ல, பால் சேர்ந்த மென்பாகு பூசியவை. ஆப்பிள் புளிப்பு, பாகில் நீர் குறைவு, இரண்டும் கிருமிக்கு ஆகாதவை, பின் எங்கே வளர்ந்தது? அடுத்த வருஷம் விஸ்கான்ஸினில் ஆராய்ந்தவர்கள் குச்சியைக் காட்டினார்கள். குச்சி குத்தியவுடன் பழச்சாறு அந்தத் துவாரத்தின் வழியாக மேலே கசிந்து, தோலுக்கும் பாகுக்கும் நடுவே தங்குகிறது. தோலின் மேலிருந்த கிருமி அந்த ஈரத்தில், அறைச் சூட்டில் மூன்றே நாளில் ஆயிரம் மடங்கு பெருகியது. குச்சியில்லாத பழத்தில் அவ்வளவு வேகமில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்ததிலும் இல்லை. வீட்டில் செய்வதைக் கழுவி, அன்றே தின்றால் பயப்பட ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் வைத்துத் தின்னலாமென்ற எண்ணந்தான் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் நேற்றையதைக் கொடுக்கவே வேண்டாம்.

"அங்கே எல்லா வீட்டிலும் இதைப் பண்ணுவார்களா?" என்பது அடுத்த கேள்வி. பண்ணினார்கள். அக்டோபர் 31-ந் தேதி இரவில் குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். வீட்டில் செய்த பாகு ஆப்பிளை எடுத்து அவர்கள் பையில் போடுவார்கள். 1960-களின் கடைசியில், யாரோ ஆப்பிளுக்குள் சவரத் தகட்டை வைத்துவிட்டார்கள் என்ற பேச்சுக் கிளம்பியது. தாய்மார்கள் கடையில் வாங்கிய, காகிதம் சுற்றிய மிட்டாயைத் தவிர வேறெதையும் வேண்டாமென்றார்கள். ஜோயல் பெஸ்ட், ஜெரால்டு ஹோரியூச்சி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1958 முதல் வந்த பத்திரிகைச் செய்திகளையெல்லாம் சலித்துப் பார்த்து 1985-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர் கொடுத்த தின்பண்டத்தால் அந்த இரவில் எந்தக் குழந்தையும் செத்ததாகவோ பலத்த காயமடைந்ததாகவோ அவர்களால் ஒன்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1974-ல் டெக்ஸஸ் மாகாணத்தில் ஒரு சிறுவன் விஷ மிட்டாய் தின்று இறந்தது உண்மை. விஷம் வைத்தது அண்டை வீட்டார் அல்ல. காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவன் தகப்பன். அண்டை வீட்டுக் கிழவியின் ஆப்பிள்தான் தெருவை விட்டுப் போயிற்று.

இந்தக் கதையைப் பெண்ணிடம் பாதிதான் சொன்னேன். அவள் அதைக்கூட முழுதும் கேட்கவில்லை. இரண்டு ஆப்பிளை ஒரு தட்டில் வைத்து, மேலே வாழையிலை நறுக்கை மூடி, எதிர்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொண்டுபோய்விட்டாள். எதிர்வீட்டு அம்மாள் என்ன ஏதென்று கேட்கவில்லை. தட்டை வெறுமனே திருப்பவும் இல்லை. அதில் நாலு முறுக்கு வந்தது.

பாத்திர விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. அடியில் விரலளவு பாகு கல்லாக இறுகி, கரண்டியும் அதில் நட்டுவைத்த கொடிமரம்போல் நின்றது. நான் கத்தியை எடுத்தேன். என் மனைவி கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு, பாத்திரம் நிறையத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். கால்மணி நேரத்தில் பாகு முழுவதும் தானாகக் கரைந்து, கரண்டி சாய்ந்தது. சர்க்கரை தண்ணீரில் கரையும் என்று எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் பாடம் நடத்துகிறேன்.